யூஎஸ் அவுன்ஸ், யூகே அவுன்ஸ் ரெண்டையும் தனித்தனியா போட்ட மெஷரிங் ஜக்: ஆறு மாசம் யூஸ் பண்ணினதுக்கு அப்புறம்

மீன் தொட்டிக்கு மருந்து ஊத்தப் போய்த்தான் இந்த ஜக்கைத் தேடி வாங்க வேண்டியதாச்சு. அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் ஒரு கண்ணாடி ஜக்குக்கு எதுக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்னு புரியும்.

மீனுக்கெல்லாம் வெள்ளைப்புள்ளி நோய் வந்திருந்துச்சு, உடம்பு பூரா உப்பு தூவின மாதிரி. மருந்து பாட்டில்ல 10 கேலன் தண்ணிக்கு 5 மில்லின்னு போட்டிருந்துச்சு. மருந்து மில்லில, தண்ணி கேலன்ல, ஒரே வரியில ரெண்டு கணக்கு. தொட்டி நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 40, தண்ணி நிக்கிற உயரம் 40, பெருக்கினா 1,44,000 கன சென்டிமீட்டர், ஆயிரத்தால வகுத்தா 144 லிட்டர். இது வரைக்கும் ஒரு குழப்பமும் கிடையாது, மெட்ரிக்ல இதுதான் சுகம், டேப் வச்சு அளந்தாலே லிட்டர் கைக்கு வந்துடும். அடுத்து போன்ல இருந்த ஒரு கன்வெர்ட்டர் ஆப்ல 144னு அடிச்சு கேலனைத் தொட்டேன், 31.7னு காட்டுச்சு. அதுக்கு 15.8 மில்லி மருந்து வருது, சிரிஞ்சுல கரெக்டா உறிஞ்சி ஊத்தினேன். புள்ளி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஒன்பதாம் நாள் திரும்ப வந்துடுச்சு, ரெண்டு மீன் போயிடுச்சு.

அப்புறமா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தப்போ பின்னாடி பொடி எழுத்துல ஒரு கேலன் 3.8 லிட்டர்னு இருந்துச்சு. 144ஐ 3.785ஆல வகுத்தா 38 கேலன். அப்போ போட்டிருக்க வேண்டியது 19 மில்லி. ஆப் காட்டினது யூகே கேலன், பாட்டில் சொன்னது யூஎஸ் கேலன், ஆறுல ஒரு பங்கு மருந்து குறைவாப் போயிருக்கு. மீன் போனதுக்கு அது மட்டும்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அந்த ஆப்ல கேலன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்துச்சு, எந்த நாட்டு கேலன்னு எங்கேயும் போடல, அது எனக்கு இன்னும் ஆறல. கணக்கு தப்பா வந்தா யாராவது கவனிச்சிடுவாங்க. இங்க கணக்கு சரியா வந்துச்சு, வேற கேலனுக்கு வந்துச்சு, அதை யாரும் கவனிக்கவே முடியாது.

அன்னைக்கு ஒரு முடிவு பண்ணினேன், இனிமே வாங்கற அளவு சாமான் எதுவா இருந்தாலும் அதுல எந்த அவுன்ஸ், எந்த பைன்ட் (கேலன்ல எட்டுல ஒரு பங்கு), எந்த கப்னு எழுதியிருக்கணும், இல்லன்னா வேணாம். அப்படித் தேடினா பாதி ஜக் கழிஞ்சு போயிடுது. பெரும்பாலானதுல ஒரு பக்கம் மில்லி, இன்னொரு பக்கம் வெறும் 'அவுன்ஸ்', வெறும் 'கப்', அவ்வளவுதான். வீட்ல இருந்த பழைய பிளாஸ்டிக் ஜக்கும் அப்படித்தான், அதுல பைன்ட் கோடு 570 மில்லிக்கு நேரா இருக்கு, அதாவது யூகே பைன்ட், ஆனா எங்கேயும் எழுதல. யூஎஸ் பைன்ட் 473 மில்லி தான். கிட்டத்தட்ட 100 மில்லி வித்தியாசம், அதே பேரு.

இந்த ஜக் ஒரு லிட்டர் கண்ணாடி ஜக், போரோசிலிகேட், அதாவது சூடு தாங்கற கண்ணாடி. கைப்பிடிக்கு வலது பக்கம் மில்லி, இடது பக்கம் யூஎஸ் ஃப்ளூயிட் அவுன்ஸ் (திரவம் அளக்கற அவுன்ஸ்), மூக்குக்கு நேர் கீழ யூகே ஃப்ளூயிட் அவுன்ஸ், அந்தந்த வரிசையிலயே அந்தந்த நாட்டு பைன்ட் கோடும் இருக்கு. ரெண்டு பைன்ட் கோடும் வேற வேற உயரத்துல நிக்கிறதை கண்ணால பாக்கறப்போ, இத்தனை நாள் மண்டையில ஏறாதது அஞ்சு செகண்ட்ல ஏறுச்சு. இதுக்காகவே இதை வாங்கலாம்னு சொல்வேன்.

ஏன் ரெண்டு கேலன் வந்துச்சுன்னு கொஞ்சம் படிச்சேன், அது ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு. பழைய இங்கிலாந்துல பொருளுக்கு ஒரு கேலன் இருந்துச்சு, ஒயினுக்கு ஒண்ணு, பீருக்கு ஒண்ணு, தானியத்துக்கு ஒண்ணு. ஒயின் கேலனை ராணி ஆன் காலத்துல 231 கன அங்குலம்னு சட்டமாக்கினாங்க, 7 அங்குலம் விட்டமும் 6 அங்குலம் உயரமும் உள்ள உருளை. பை (π) மதிப்பை 22/7னு வச்சுப் போட்டுப் பாருங்க, மூணரையோட வர்க்கம் 12.25, அதை 22/7ஆலயும் 6ஆலயும் பெருக்கினா மிச்சமே இல்லாம 231 வரும். நான் போட்டுப் பாத்தப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அமெரிக்கா இந்த ஒயின் கேலனையே வச்சுக்கிச்சு. இங்கிலாந்து 1824ல பழசையெல்லாம் தூக்கிட்டு 10 பவுண்டு தண்ணி பிடிக்கிற அளவை புது கேலனா வச்சாங்க, அதான் இம்பீரியல் கேலன். இப்ப அது சட்டப்படி 4.54609 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785411784 லிட்டர். இந்த நீளமான நம்பர் எங்கிருந்து வருதுன்னா, 1959ல அங்குலத்தை சரியா 2.54 சென்டிமீட்டர்னு ஆறு நாடு சேர்ந்து ஒத்துக்கிட்டாங்க, அதோட கனத்தை (2.54 × 2.54 × 2.54) 231ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா இதே நம்பர் கடைசி இலக்கம் வரைக்கும் வரும். தோராயம் எதுவும் கிடையாது, முழுசா துல்லியமான நம்பர். தொட்டியை அங்குலத்துல அளந்து வச்சிருக்கறவங்களுக்கும் இதே 231 தான் சாவி, நீளம் அகலம் உயரம் பெருக்கி 231ஆல வகுத்தா யூஎஸ் கேலன், லிட்டர் பக்கமே போக வேண்டாம்.

இனிமே வர்றதுதான் பலர் தலைகீழாப் புரிஞ்சுக்கற இடம். கேலன்னு பாத்தா யூகே பெருசு. பைன்ட்னு பாத்தாலும் யூகே பெருசு. சரி அப்போ அவுன்ஸும் யூகே தான் பெருசா இருக்கும்னு நினைச்சா, கிடையாது. யூஎஸ் ஃப்ளூயிட் அவுன்ஸ் 29.57 மில்லி, யூகே ஃப்ளூயிட் அவுன்ஸ் 28.41 மில்லி. யூகே பைன்ட்ல 20 அவுன்ஸ், யூஎஸ் பைன்ட்ல 16 அவுன்ஸ் தான், அதனால கேலனுக்குப் போறப்போ ஒண்ணு 160 அவுன்ஸ், இன்னொண்ணு 128 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் ரெண்டு அவுன்ஸ் அளக்கறப்போ 4 சதவீதம் தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் எல்லாரும் அவுன்ஸ்ல தப்பிச்சிட்டு பைன்ட்லயும் கேலன்லயும் மாட்டறாங்க. இந்த ஜக்ல 16 யூஎஸ் அவுன்ஸ் கோடும் 20 யூகே அவுன்ஸ் கோடும் நல்லாவே தள்ளி இருக்கு, குழந்தைக்குக்கூட விளங்கும்.

கோடெல்லாம் சரியா போட்டிருக்கான்னு பாக்க ஒரு டெஸ்ட் பண்ணினேன், உங்க வீட்ல டிஜிட்டல் தராசு இருந்தா நீங்களும் பண்ணலாம். காலி ஜக்கை தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி எடை பாக்கணும். ஒரு மில்லி தண்ணி கிட்டத்தட்ட ஒரு கிராம், 20 டிகிரில 0.998 கிராம், கொஞ்சம் சூடான நாள்ல 0.996, அதனால 500 மில்லிக்கு 498, 499 கிராம் வந்தா அது சரியான கோடு. தண்ணி மட்டம் ஓரத்துல கொஞ்சம் ஏறியும் நடுவுல குழிஞ்சும் இருக்கும், நடுக்குழியோட அடிமட்டம் தான் அளவு, ஜக்கை சமதளத்துல வச்சு நாம குனிஞ்சு கண்ணை அந்த உயரத்துக்கு கொண்டு போகணும், கையில தூக்கிப் பிடிச்சுப் பாத்தா சாஞ்சு போயி 10 மில்லி சுலபமா மாறிடும். அஞ்சு தடவை பண்ணினேன், 500 கோட்டுக்கு 495லேர்ந்து 502 கிராம் வரைக்கும் வந்துச்சு. யூஎஸ் பைன்ட் கோட்டுக்கு 470, யூகே பைன்ட் கோட்டுக்கு 566. எல்லாமே ஒண்ணரை சதவீதத்துக்குள்ள, இந்த அகலத்துக்கு ஜக்கோட வாய் இருக்கறப்போ இதைவிட துல்லியம் எதிர்பாக்க முடியாது. பழைய பிளாஸ்டிக் ஜக்ல அதே 500 கோட்டுக்கு 521 வந்துச்சு, அதை இப்ப செடிக்கு தண்ணி ஊத்த வச்சிருக்கேன்.

கப் கோடு விஷயத்துல தான் இந்த ஜக் மேல எனக்கு பெரிய வருத்தம். மில்லி பக்கம் 250க்கு நேரா 'கப்'னு போட்டிருக்கு, வெறும் கப். அது மெட்ரிக் கப், ஆஸ்திரேலியாவுல அதான் புழக்கம். யூஎஸ் கப் 236.6 மில்லி, அரை பைன்ட். அதே அமெரிக்காவுல பாக்கெட் பின்னாடி போடற சத்து அட்டவணைக்கு மட்டும் கப்னா 240 மில்லின்னு விதி வச்சிருக்காங்க. ஜப்பான்ல கப்னா 200. பழைய பிரிட்டிஷ் குறிப்புல 10 அவுன்ஸ் கப் வரும், அது 284. ஆக கப்னு நாலெழுத்து கூட இல்லாத வார்த்தைக்கு 200லேர்ந்து 284 வரைக்கும் அர்த்தம் இருக்கு. அவுன்ஸுக்கும் பைன்ட்டுக்கும் அவ்வளவு அக்கறையா நாட்டைப் போட்டவங்க கப்ல மட்டும் விட்டுட்டாங்க, இதுக்கு ஒரு ஸ்டார் குறைக்கறேன், மனசார. நடைமுறையில நான் என்ன பண்றேன்னா, ஒரு செய்முறைல எல்லாமே கப்ல இருந்தா எந்தக் கப்பா இருந்தாலும் ஒண்ணுதான், விகிதம் மாறாது, ஒரே கப்பை வச்சு அளந்துட்டுப் போயிடலாம். பாதி கப்லயும் பாதி கிராம்லயும் இருந்தா தான் பிரச்சனை, அப்போ எழுதினவங்க எந்த நாடுன்னு பாத்துட்டு மில்லிக்கு மாத்திக்கறேன்.

ஸ்பூனுக்கு இந்த ஜக்கைத் தொடவே தொடாதீங்க. அடியில முதல் 50 மில்லிக்கு கோடே இல்ல, அது நியாயம்தான், இவ்வளவு அகலமான பாத்திரத்துல 5 மில்லியை யாராலயும் படிக்க முடியாது. டீஸ்பூன் மெட்ரிக்ல 5 மில்லி, அமெரிக்க கணக்குல 4.93, அது பரவாயில்ல, ஒண்ணுதான்னு வச்சுக்கலாம். டேபிள்ஸ்பூன் தான் கவனம், பெரும்பாலான இடத்துல 15 மில்லி, ஆஸ்திரேலியாவுல 20 மில்லி. மூணு டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன்னு மனப்பாடம் பண்ணினவங்களுக்கு அங்க நாலு டீஸ்பூன்.

குழந்தை மருந்துக்கு மட்டும் இந்த மாத்தற வேலையே வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். மில்லில சொன்னதை மில்லில தான் அளக்கணும், ஊசியில்லாத வாய் மருந்து சிரிஞ்ச் வச்சு. சாப்பிடற ஸ்பூன் எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு பிடிக்கும், அதுல டீஸ்பூனும் டேபிள்ஸ்பூனும் மாறிப்போனா டோஸ் மூணு மடங்கு ஆயிடும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015ல இதைச் சொல்லிடுச்சு, குழந்தைகளுக்கான திரவ மருந்தை மில்லில மட்டும் எழுதணும், மில்லில மட்டும் அளக்கணும், ஸ்பூன் கணக்கு வேண்டாம்னு. கேலனும் கப்பும் புழங்கற நாட்டு டாக்டர்களே இப்படி சொல்றாங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்.

இன்னொரு பொறி இருக்கு, அது ஆப்லயும் இருக்கு ஜக்லயும் இருக்கு. அவுன்ஸ்ங்கற பேர்லயே எடையும் இருக்கு, கொள்ளளவும் இருக்கு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். தண்ணிக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், யூகே ஃப்ளூயிட் அவுன்ஸை அப்படித்தான் உருவாக்கினாங்க, அதனால பழகிட்டா எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்னு கை நம்பிடுது. எண்ணெய்ல ஒத்துப்போகாது, ஒரு யூஎஸ் ஃப்ளூயிட் அவுன்ஸ் எண்ணெய் 27 கிராம் தான் வரும். கொள்ளளவுலேர்ந்து எடைக்குப் போகணும்னா நடுவுல அடர்த்தி வந்தே ஆகணும், அந்த அடர்த்திக்கும் ஒரு யூனிட் உண்டு, அதைக் கேக்காம ஒரு ஆப் லிட்டரை கிலோவாக்கிக் குடுத்தா அதை நம்பாதீங்க.

இதுக்கு நான் எப்பவும் நினைச்சுப் பாக்கறது 1983 ஜூலை 23 அன்னைக்கு கனடாவுல நடந்தது. ஏர் கனடாவோட போயிங் 767, ஃப்ளைட் நம்பர் 143, நடுவானத்துல எரிபொருள் தீர்ந்து போச்சு. அப்போ தான் அங்க மெட்ரிக்குக்கு மாறிட்டு இருந்தாங்க, அந்த விமானம் கிலோ கணக்குல புதுசு. டேங்க்ல இருந்தது 7,682 லிட்டர், தேவை 22,300 கிலோ. லிட்டரை கிலோவாக்க 0.8 சொச்சத்தால பெருக்கணும், ஆனா கையில இருந்த நம்பர் 1.77, அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டுங்கற கணக்கு. 1.77ஆல பெருக்கி 13,597ன்னு வந்ததை கிலோன்னு எடுத்துக்கிட்டாங்க, நிஜத்துல அது பவுண்டு, கிலோல 6,169 தான். 20,000 லிட்டருக்கு மேல ஊத்தியிருக்கணும், ஊத்தினது 4,917 லிட்டர். பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி, திரும்பத் திரும்ப சரிபாத்தும் இருக்காங்க, அதே 1.77ஐ வச்சு. ரெண்டு இன்ஜினும் நின்னு போன விமானத்தை கிளைடர் மாதிரி ஓட்டி கிம்லிங்கற ஊர்ல ஒரு பழைய ரன்வேல இறக்கிட்டாங்க, ஒருத்தர் உயிர் கூட போகல. அந்த பைலட்களை நினைச்சா கை கூப்பத் தோணும். என் மீன் தொட்டிக்கும் அந்த விமானத்துக்கும் அளவு தான் வேற, நடந்த தப்பு ஒரே ஜாதி.

சரி, ஜக்குக்கு வர்றேன். மூக்கு நல்லா இல்ல, மெதுவா ஊத்தினா தண்ணி வெளிப்பக்கமா வழிஞ்சு அடிக்கு ஓடுது, வேகமா ஒரே மூச்சுல சாய்ச்சாத்தான் சரியா விழுது. எழுத்து வெள்ளை கலர், தண்ணிக்கு பரவாயில்ல, பால் மாதிரி வெள்ளையா எதையாவது ஊத்தினா எழுத்து காணாமப் போயிடும், சிவப்போ நீலமோ போட்டிருக்கலாம். ஆறு மாசமா டிஷ்வாஷர்ல போட்டும் எழுத்து அழியல, இது பெரிய விஷயம். கைப்பிடி ஈரக்கையிலயும் வழுக்கல. சூடா இருக்கறதை ஊத்தி அளந்தா கோடு கொஞ்சம் மாறும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கொதிக்கிற தண்ணி 4 சதவீதம் விரிஞ்சிருக்கும், அளவு முக்கியம்னா ஆற விட்டு அளக்கணும்.

ஆப்பையும் விட்டுடல, இப்ப வேற ஒண்ணு வச்சிருக்கேன், அதுல யூஎஸ் திரவ கேலன், யூஎஸ் உலர் கேலன், இம்பீரியல் கேலன்னு மூணும் தனித்தனியா வருது. உலர் கேலன்னு ஒண்ணு இருக்கறதே அப்போதான் தெரியும், 4.405 லிட்டர், தானியம் பழம் மாதிரி சமாச்சாரத்துக்கு. புது ஆப் எதுவா இருந்தாலும் அதைத் திறந்தவுடனே நான் பண்ற சோதனை ஒண்ணே ஒண்ணு, 1 கேலன்னு அடிச்சு லிட்டர் பாப்பேன். 3.785 வந்தா யூஎஸ், 4.546 வந்தா யூகே. மூணு செகண்ட் வேலை, அன்னைக்கு இதைப் பண்ணியிருந்தா போதும். கார் மைலேஜ் பாக்கறவங்களுக்கும் இதே சோதனை தான், ஒரு கேலனுக்கு 40 மைல்னு அமெரிக்க கணக்குல சொல்ற அதே கார் பிரிட்டிஷ் கணக்குல 48 மைல்னு வரும், கார் மாறல, கேலன் மாறிடுச்சு.

மனக்கணக்குக்கு யூஎஸ் அவுன்ஸை 30 மில்லின்னு வச்சுக்கறேன், ஒரு ஜக் அளவுக்கு அது தாராளமா போதும். ஆனா 30ஐ வச்சே கேலன் வரைக்கும் ஏறிப் போகாதீங்க, 128ஐ 30ஆல பெருக்கினா 3,840 வரும், நிஜம் 3,785, நடுவுல 55 மில்லி தொத்திக்கும். நம்பரைத் தோராயமா சுருக்கறதை கடைசியில ஒரு தடவை மட்டும் பண்ணணும், ஒவ்வொரு படியிலயும் பண்ணக்கூடாது. போட்டோ கழுவற கெமிக்கல் கலக்கற நண்பர் ஒருத்தர் அவர் பவுடர் பாக்கெட்ல ஒரு கேலன், 3.8 லிட்டர்னு ரெண்டும் சேர்த்தே அச்சடிச்சிருக்கும்னு சொன்னார், அப்படி போட்டுட்டா யாருக்கும் சந்தேகமே வராது.

யாருக்கு இந்த ஜக் வேணும்னு கேட்டா, ரெண்டு மூணு நாட்டு குறிப்பை கலந்து பாக்கறவங்க, தொட்டி, செடி உரம், கிளீனிங் கெமிக்கல்னு கலக்கற வேலை இருக்கறவங்க, இவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். மில்லி மட்டும் போதும்னு இருக்கறவங்களுக்கு வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் கோடு போட்ட சாதாரண ஜக் படிக்க இன்னும் சுலபமா இருக்கும், இதுல மூணு வரிசை இருக்கறதால அவசரத்துல பக்கத்து வரிசையைப் படிச்சிட வாய்ப்பு இருக்கு, எனக்கே முதல் வாரத்துல ரெண்டு தடவை ஆச்சு. அதுக்கு இப்ப மில்லி வரிசை ஓரமா சின்னதா ஒரு சிவப்பு டேப் ஒட்டிட்டேன், கப்னு போட்டிருக்கற இடத்துல மார்க்கர்ல '250 மெட்ரிக்'னு நானே எழுதிட்டேன்.

அஞ்சுக்கு நாலு. கப் கோட்டுக்கும் நாட்டைப் போட்டு மூக்கை சரி பண்ணிட்டா முழுசா அஞ்சு குடுப்பேன். தொட்டி மேலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, 144 லிட்டர், 38 யூஎஸ் கேலன், 31.7 யூகே கேலன்னு மூணு வரி, போன மாசம் மருந்து போட வேண்டி வந்தப்போ அதைப் பாத்துட்டு 19 மில்லி போட்டேன், அஞ்சு மீனும் நல்லா இருக்கு.